கருப்புசாமி லீவு கேட்ட ஃப்ளோசார்ட்

நான் செய்த முதல் தப்பு, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்களிடம் டீ போடுவதை உதாரணமாகச் சொன்னதுதான்.

ஒரு வேலையைக் கட்டமும் அம்புமாக வரைந்து காட்டுகிற ஃப்ளோசார்ட்டைச் சொல்லிக்கொடுக்கிற யாரும் முதலில் எடுப்பது இதைத்தான். தண்ணீர் வை. கொதித்துவிட்டதா? இல்லையென்றால் காத்திரு. கொதித்திருந்தால் தூளைப் போடு, பாலை ஊற்று, வடிகட்டு, முடிவு. கோத்தகிரி பஜாரில் ஸ்வெட்டர் கடைக்கு மேலே நான் நடத்துகிற கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்பது வருஷமாக இதை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. பத்து நிமிஷப் பாடம். அந்தத் தொழிற்சாலையில் நாலு நாள் ஆனது.

"ஏனுங் டீச்சர், தூளைப் போடுன்னு எழுதிட்டீங்க. எந்தத் தூளுங்க?" என்று ஆரம்பித்து வைத்தவர் காளியம்மாள் அக்கா. தூள் சலிக்கும் பிரிவில் இருபது வருஷம் நின்றவர்.

"ஏதோ ஒரு தூள் அக்கா."

"ஏதோ ஒரு தூளா!" என்று அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். இவளை நம்பியா மேனேஜர் ஒரு மாசம் வகுப்பு வைத்திருக்கிறார் என்று அந்தப் பார்வை கேட்டது.

அடுத்து ஜஸ்டஸ். தூளைக் காய வைக்கிற டிரையருக்கு அடுப்பெரிக்கிறவர், வாய்த் துடுக்கு ஜாஸ்தி. தூள் எங்கிருந்து வந்தது என்று போடவில்லையே, டிரையரிலிருந்துதானே வந்திருக்க வேண்டும் என்றார். சரி என்று மேலே ஒரு கட்டம் போட்டேன். டிரையருக்கு முன்னால் இலை புளிக்க வேண்டுமே என்றார்கள். இன்னொரு கட்டம். அதற்கு முன்னால் அரைக்க வேண்டும். அதற்கு முன்னால் வாட வேண்டும். போர்டில் இடம் தீர்ந்து, சுவரில் சாக்பீஸால் போட்டுக்கொண்டே போனேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பஜாரில் கேட்டால் காய்கறிக் கடைக்காரர்கூடச் சொல்வார். அன்றைக்கு அது மூக்கைத் தாண்டி நெற்றிக்குப் போய்விட்டது.

அப்போதுதான் அதுவரை வாயே திறக்காத ஒருவர் கையைத் தூக்கினார். இலை வாட விடும் நீளத் தொட்டிகளில் வேலை பார்க்கிற கருப்புசாமி.

"இலை வாடறதுக்குப் பதினாறு மணி நேரமாகுமுங்க. நீங்க முதல் கட்டத்துலயே தண்ணி வெச்சுட்டீங்க. அது வத்திப் போயிருமுங்களே."

நான் சுவரைப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. ஒன்பது வருஷத்தில் என் மாணவர்கள் யாரும் என் ஃப்ளோசார்ட்டில் தப்புக் கண்டுபிடித்ததில்லை. கோபத்தை விழுங்கிக்கொண்டு, தண்ணீர் வைக்கிற கட்டத்தை அழித்துக் கீழே கொண்டுவந்து போட்டேன்.

இந்த வகுப்பு வந்த கதை இதுதான். டிரையருக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் பேனல் வரப் போகிறது. மேனேஜர் கீர்த்திவாசன் சாருக்கு அதை நினைத்தாலே பயம். யாராவது ஒரு பட்டனுக்குப் பதில் இன்னொரு பட்டனை அமுக்கி மொத்தத் தூளையும் கருக்கிவிட்டால்? அதனால் பட்டனைத் தொடுவதற்கு முன்னால் யோசிக்கிற முறையை, அதாவது லாஜிக்கை, சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். தினமும் மூன்றரையிலிருந்து ஐந்து வரை, பேக்கிங் ரூமில், ஐந்து பேர். கம்ப்யூட்டர் கிடையாது. போர்டும், தூள் கட்டுகிற பழுப்புக் காகிதப் பைகளும்தான்.

"கம்ப்யூட்டர் எங்கீங்க?" என்று முதல் நாளே கேட்டார்கள்.

"இப்போதைக்கு அது உங்க மண்டைக்குள்ள இருக்குது."

"அப்ப நம்ம சூப்பர்வைசருக்கு இந்தக் கோர்ஸு ஒத்து வராதுங்க" என்றார் ஜஸ்டஸ்.

கருப்புசாமி அண்ணன் ஏன் வகுப்புக்கு வந்தார் என்பதைக் காளியம்மாள் அக்காதான் எனக்குச் சொன்னார். முப்பத்தேழு வயது. அப்பா அம்மா இல்லை. தரகர் செல்லக்கண்ணு, ஜாதகத்தோடு கம்ப்யூட்டர் கோர்ஸ் என்று ஒரு வரி சேர்த்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டு இடம் தட்டிப் போனதற்குக் காரணம் கம்ப்யூட்டர் தெரியாதது இல்லை. பெண் பார்க்கிற அன்றைக்கு மாப்பிள்ளை போய்ச் சேரவில்லை.

"அன்னூர்ல பொண்ணு ஊட்டுக்காரங்க பஜ்ஜி சுட்டு வெச்சுட்டு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்காங்க. இந்த மகராசன் இங்க இலைக்கு நடுவுல நின்னுட்டிருக்காரு. பஜ்ஜியும் ஆறிப்போச்சு, சம்பந்தமும் ஆறிப்போச்சு" என்றார் அக்கா. "இப்ப மூணாவதா மேட்டுப்பாளையத்துல ஒரு எடம். அடுத்த புதன்கிழமை. இதையும் விட்டாருன்னா தரகரு ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துருவேன்னு சொல்லிட்டாரு."

"லீவு போட்டுட்டுப் போக வேண்டியதுதானே?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் சாய்சதுரக் கட்டத்துக்கு வந்தோம். ஃப்ளோசார்ட்டில் கேள்வி கேட்கிற இடமெல்லாம் இந்தக் கட்டம்தான். பர்பித் துண்டு மாதிரி இருக்கிறதென்று வகுப்பில் அதற்குப் பர்பிக் கட்டம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பர்பிக்குள் கேள்வியை எழுத வேண்டும். அதிலிருந்து இரண்டே அம்புகள் கிளம்பும். ஒன்று ஆமா, ஒன்று இல்லை. மூன்றாவது வழி கிடையாது. கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெரியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். மழை பெய்கிறதா என்ற கேள்வியைக் கொடுத்து, ஆளுக்கு ஒரு காகிதப் பையில் போடச் சொன்னேன்.

ஐந்து பையிலும் மூன்று அம்பு.

"ஜஸ்டஸ், இது என்ன மூணாவது?"

"மஞ்சுங்க."

"மஞ்சுன்னா மழை இல்லை."

"மழை இல்லைன்னு நெனச்சு வெளிய போய் நில்லுங்க. பத்து நிமிசத்துல தொப்பலா நனைஞ்சிருப்பீங்க. அப்புறம் வந்து சொல்லுங்க, ஆமாவா இல்லையான்னு."

ஜன்னலுக்கு வெளியே மூடுபனியில் எதிரில் இருந்த லாரியே தெரியவில்லை. நான் பேச்சை மாற்றி, வேறு கேள்வி கொடுத்தேன். வீட்டுக்காரர் சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தாரா? இதிலாவது வந்தார், வரவில்லை என்று இரண்டுதான் இருக்க முடியும். காளியம்மாள் அக்கா மூன்றாவது அம்பு போட்டு, வந்தும் வராத மாதிரி என்று எழுதியிருந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அவர் வீட்டுக்காரரைத் தெரியும்.

கருப்புசாமி அண்ணனின் பையைக் கடைசியாக எடுத்தேன். அவர் தானாகவே ஒரு கேள்வி எழுதியிருந்தார். லீவு கிடைக்குமா? அதிலிருந்தும் மூன்று அம்பு. ஆமா என்பதும் இல்லை என்பதும் புள்ளிக் கோடாக, இருந்தால் இருக்கட்டும் என்பதுபோல இருந்தன. மூன்றாவது மட்டும் பட்டையாக, இரண்டு தடவை அழுத்தி வரைந்தது. பாக்கலாம்.

"பாக்கலாம்னா என்னங்ணா அர்த்தம்? ஆமாவா, இல்லையா?"

"ரெண்டும் இல்லீங்க. பாக்கலாமுங்க."

"அப்படின்னா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"ஐயோ, இல்லீங்க!" என்று பதறினார். "இந்த மலைக்கு வந்து பதினாலு வருசமாச்சுங்க. இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைப் பாத்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அவரைக் குறை சொல்லி என்ன செய்ய? எங்கள் பக்கத்துப் பழக்கம் இது. முகத்துக்கு நேராக இல்லை என்பது கையை ஓங்குவதற்குச் சமம். ரவிக்கை நாளைக்குக் கிடைக்குமா என்றால் தையல்காரர் பாக்கலாங்க என்பார். குழாய் ரிப்பேருக்கு ஆள் வருமா என்றால் பாக்கலாங்க. மரியாதைக்கு மரியாதை ஆயிற்று, வேலைக்கு வேலையும் இல்லை. கேட்டவர் கும்பிட்டுவிட்டு வருவார், சொன்னவர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆனால் பாடம் பாடம்தானே. வீட்டுக்குப் போய் அந்த லீவு விஷயத்தை முழுசாக ஃப்ளோசார்ட் போட்டு, சூடோகோடும் எழுதிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். சூடோகோடு என்பது பெரிய வித்தை இல்லை. கம்ப்யூட்டருக்குக் கட்டளை போடுவதற்கு முன்னால், அதையே மனுஷருக்குப் புரிகிற பேச்சில் வரிவரியாக எழுதிப் பார்ப்பது. செவ்வாய்க்கிழமை அவர் கொண்டுவந்ததில் இப்படி இருந்தது:

தொடக்கம்
சூப்பர்வைசரிடம் லீவு கேள்
பாக்கலாம், ஆபீஸில் சொல்லு என்றால் ஆபீஸுக்குப் போ
ஆபீஸில் லீவு கேள்
பாக்கலாம், மேனேஜரிடம் சொல்லு என்றால் மேனேஜரிடம் போ
மேனேஜரிடம் லீவு கேள்
பாக்கலாம், சூப்பர்வைசர் காதில் ஒரு வார்த்தை போடு என்றால் இரண்டாவது வரிக்குப் போ

அவ்வளவுதான். குண்டு குண்டான நல்ல கையெழுத்து. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"முடிவு எங்கீங்ணா? எத்தனை தடவை சொன்னேன், தொடக்கம்னு ஒண்ணு இருந்தா முடிவுன்னு ஒண்ணு இருக்கணும்னு?"

"முடிவு இல்லீங்களே."

"இப்படிச் சுத்திச் சுத்தி வந்துட்டே இருந்தா எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் அப்படியே நின்னு போயிடும்."

"கம்ப்யூட்டரே நின்னுருமுங்களா?" என்று ஆச்சரியப்பட்டார். "நான் பதினோரு நாளா ஓடிட்டிருக்கேனுங்க."

சிவப்பு மையால் அடிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது. பதினோரு நாள். இந்த மனுஷர் பதினோரு நாளாகத் தினமும் மூன்று வாசலில் நின்று, மூன்று பாக்கலாம் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். நாளைக்குப் புதன்கிழமை. என் கோபம் அவரை விட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் திரும்பியது.

"யாருக்கும் சொல்லாம நாளைக்குக் காலைல பஸ் ஏறிடுங்க."

"அதெப்பிடிங்க?" என்றார். நான் திருடச் சொன்ன மாதிரி குரல் இறங்கிவிட்டது. "பாக்கலாம்னு சொன்ன மனுசன் பாத்துட்டிருக்காரு. அவரு பதில் சொல்றதுக்குள்ள நம்ம பாட்டுக்கு எந்திரிச்சுப் போனா, அவரு வார்த்தைக்கு என்னங்க மரியாதை?"

அன்னூர்ப் பெண்ணும், அதற்கு முந்திய பெண்ணும் எப்படிப் போனார்கள் என்பது எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது.

அன்று நாலு மணிக்கு மேனேஜர் வகுப்பைப் பார்வையிட வருவதாக இருந்தது. டிரையர் சூடு அதிகமானால் என்ன செய்வது என்று ஜஸ்டஸ் போர்டில் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் ஜஸ்டஸை உட்காரச் சொல்லிவிட்டு, கருப்புசாமி அண்ணனின் ஃப்ளோசார்ட்டைப் போர்டு முழுக்க நானே பெரிதாகப் போட்டேன். அவர் வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று பின்னாலேயே நின்று முனகினார். நான் காதில் வாங்கவில்லை. வகுப்பைப் பாதியில் நிறுத்தினால் நிறுத்தட்டும் என்றுதான் இருந்தது எனக்கு.

கீர்த்திவாசன் சார் வந்தார். ஐம்பத்தைந்து வயது, கோயம்புத்தூர்க்காரர், மப்ளரைக் காதோடு சுற்றியிருப்பார். யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர். அவரைத் திட்டுவதற்குத் தொழிற்சாலையில் யாருக்கும் மனசு வராது. அதுதான் தொல்லையே.

"அடடே, பிரமாதமா இருக்குதுங்களே" என்று போர்டுக்குக் கிட்டே போனார். "இதை எப்பிடிப் படிக்கோணும்?"

"அம்பு போற வழியில விரலை வெச்சுட்டுப் போங்க சார்."

விரலை வைத்தார். தொடக்கத்திலிருந்து சூப்பர்வைசர். அங்கிருந்து ஆபீஸ். அங்கிருந்து மேனேஜர். மறுபடி சூப்பர்வைசர். வழி தவறிவிட்டோம் என்று நினைத்து இன்னொரு சுற்றுப் போனார். மூன்றாவது சுற்றில் விரலெல்லாம் சாக்பீஸ் தூள்.

"இது தப்பாட்ட இருக்குதுங்களே டீச்சர். வெளிய வர வழியே காணோம். இந்த எடத்துல இருக்கறவரு ஏதோ ஒரு பதிலைச் சொல்லியிருந்தார்னா, அப்பவே முடிஞ்சிருக்குமே. யாரு இது, இந்தக் கடைசிக் கட்டத்துல..." என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "மேனேஜ..."

அவர் விரல் அந்தக் கட்டத்தின் மேலேயே இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, நகர்த்தவும் முடியவில்லை.

"சார்" என்றேன். "கருப்புசாமி அண்ணனுக்கு நாளைக்கு மேட்டுப்பாளையத்துல பொண்ணு பாக்கப் போகணும். ஒரு நாள் லீவு. இந்தக் கட்டத்துக்கு ரெண்டே வழிதான். ஆமாவா, இல்லையா?"

"நாளைக்கு இலை லோடு ஜாஸ்தி வருதுங்களே. வாட்டறதுக்கு ஆளு..." என்று மப்ளரைத் தளர்த்தினார். "இப்ப என்னன்னா, சூப்பர்வைசரையும் ஒரு வார்த்தை கலந்துட்டு... பாக்க..."

நான் சாக்பீஸை ஓங்கவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். பிற்பாடு நான் ஓங்கியதாகத்தான் ஜஸ்டஸ் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

சார் என் கையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், கருப்புசாமியைப் பார்த்தார். நெற்றியில் வேர்த்தது, அந்தக் குளிரிலும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கசாயம் குடிக்கிறவர் மாதிரி சொன்னார்.

"இல்லை."

காளியம்மாள் அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வருகிற மாதிரி ஆகிவிட்டது. நானே கேட்டு வாங்கிய இல்லை அது. ஆமா வரும் என்று நம்பிக் கேட்டேன். மனுஷரின் மூன்றாவது சம்பந்தத்தையும் நான்தான் கெடுத்தேன்.

கருப்புசாமி அண்ணன் முன்னால் வந்தார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"ரொம்ப நன்றிங்க சார்."

கிண்டல் இல்லை. முகம் அப்படியே தெளிந்து கிடந்தது. என் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, மேனேஜர் கட்டத்திலிருந்து ஒரு அம்பு போட்டு, பக்கத்தில் இல்லை என்று எழுதினார். அதன் நுனியில் ஒரு கட்டம் போட்டு, சொல்லிவிட்டுப் போ என்று எழுதினார். அதற்குக் கீழே முடிவு. வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

"பாக்கலாம்னவரை விட்டுட்டுப் போறதுதான் தப்புங்க. இப்ப நீங்க பதில் சொல்லிட்டீங்க. இனி போறது என்ர பொறுப்பு. நாளைக்கு நான் வர மாட்டேனுங்க சார். ஒரு நாள் சம்பளத்தைப் புடிச்சுக்குங்க."

சார் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். வாசலில் நின்று திரும்பி, ஃப்ளோசார்ட் நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

தன் பக்கம் பெண்கள் யாரும் இல்லையென்று, என்னையும் காளியம்மாள் அக்காவையும் கூட வரச் சொன்னார் அண்ணன். அக்காவுக்கு லீவு கிடைத்ததா என்று கேட்டேன். "நான் கேக்கவே இல்லையே. கேட்டாத்தானே பாக்கலாம்பாங்க" என்றார்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறோம், மேனேஜரின் கார் வந்து நின்றது. சார் இறங்கினார். ராத்திரி தூங்கின முகம் இல்லை. கையில் ஒரு கிலோ தூள் பாக்கெட். வெளிநாட்டுக்குப் போகிற முதல் தரம், தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் கண்ணால் மட்டும் பார்க்கிற ரகம்.

"பொண்ணு ஊட்டுக்குக் குடுங்க" என்று நீட்டினார். "அப்புறம்... நேத்து சொன்னதை நான் வாபஸ் வாங்கிக்கறேன் கருப்புசாமி. ஆமான்னே வெச்சுக்கலாம்."

"வேண்டாமுங்க சார்" என்றார் அண்ணன், பாக்கெட்டை மட்டும் வாங்கிக்கொண்டு. "இல்லைன்னே இருக்கட்டுங்க. தெளிவா இருக்குது."

பஸ் கிளம்பியும் சார் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பெண் வீடு மேட்டுப்பாளையத்தில், உருளைக்கிழங்கு மண்டிக்குப் பின்னால் ஒரு சந்தில். பெண் பெயர் ராஜகுமாரி. முப்பத்துமூன்று வயது, மருந்துக்கடையில் வேலை. அப்பா இல்லை, அம்மா மரகதம்தான். புதன்கிழமைதான் வேண்டும், பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று பிடிவாதம் பிடித்தது அந்த அம்மாதான். தரகர் செல்லக்கண்ணு முன்கூட்டியே வந்து, வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை நிஜமாகவே வந்து இறங்கியதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. ராஜகுமாரி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவோரமாக நின்றாள். அலங்காரமெல்லாம் பெரிதாக இல்லை. எத்தனையோ தடவை கட்டின புடவை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனை ஒரே ஒரு தடவை பார்த்தாள். கடையில் சீட்டை வாங்கி மருந்தின் பெயரைப் படிக்கிறவள் மாதிரி, அவசரமில்லாமல், முழுசாக.

அண்ணன் பஜ்ஜியைத் தொடவே இல்லை. கையை முட்டியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தார். மரகதம்மாள் வேலையைப் பற்றிக் கேட்டார், வீட்டைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒரே வரியில் பதில். அரை மணி நேரம் போயிற்று. ராகு காலம் வருவதற்குள் எழுந்துவிட வேண்டும் என்று தரகர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த மாதிரி நேரத்தில் காலங்காலமாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லுகிற வாசகத்தை ஆரம்பித்தார்.

"அப்ப நாங்க கெளம்பறோமுங்க. ஊருக்குப் போய்க் கலந்து பேசிட்டு..."

"இருங்க" என்றார் கருப்புசாமி அண்ணன்.

தரகர் வாய் திறந்தபடி நின்றது.

"ஊருக்குப் போய்க் கலந்து பேச எனக்கு யாருமில்லீங்க" என்று மரகதம்மாளைப் பார்த்துச் சொன்னார். "எனக்குப் புடிச்சிருக்குதுங்க. அவங்களுக்குப் புடிக்கலீன்னா இப்பவே சொல்லிரலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். பன்னெண்டரைக்குப் பஸ்ஸு இருக்குது, ஏறிப் போயிருவேன்."

"ஏப்பா, மொறைன்னு ஒண்ணு இருக்குதல்லோ!" என்று தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஊருக்குப் போய்ச் சொல்றோம்னுதான்யா சொல்லோணும்!"

கதவோரத்திலிருந்து ராஜகுமாரி பேசினாள். "இதுவரைக்கும் பதினோரு பேரு அப்பிடிச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் இன்னும் ஊரு போய்ச் சேரலை போலிருக்குது."

காளியம்மாள் அக்கா குபீரென்று சிரித்துவிட்டார். நானும் சிரித்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ராஜகுமாரி சிரிக்கவில்லை. பதினோரு தடவை இதே கதவோரத்தில் நின்று, பதினோரு தடவை போன் மணிக்குக் காது கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மரகதம்மாள் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பதிலுக்குக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து, வேட்டியைச் சரி செய்துகொண்டு, வாசல் பக்கம் செருப்பைத் தேடினார்.

"பஸ்ஸு போகட்டும்" என்றாள் ராஜகுமாரி.

"என்னங்க?"

"சோறு வடிச்சாச்சு. ரசம் வெக்கறதுதான் பாக்கி. கை கழுவிட்டு வந்து உக்காருங்க."

தரகர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பெண் பார்க்கப் போன இடத்தில் பலகாரம் சாப்பிடலாம், காபி குடிக்கலாம். இலை போட்டுச் சோற்றில் கை நனைக்க மட்டும் மாட்டார்கள். சம்பந்தம் முடிவானால்தான் அது. அந்த அறையில் இருந்த ஆறு பேருக்கும் அது தெரியும்.

"ராஜி..." என்றார் மரகதம்மாள்.

"ஆமாம்மா" என்றாள் அவள், அம்மாவைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்து. சொல்லிவிட்டு ரசத்துக்குப் புளி கரைக்க உள்ளே போய்விட்டாள்.

கருப்புசாமி அண்ணன் கை கழுவக் கொல்லைப்புறம் போனார். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாட்டுக்கு ஓட, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு நின்றார். மரகதம்மாள் வாழையிலைகளை எடுத்து, முதல் இலையை அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டார்.